தடைப் பலகை நீச்சல் கற்றுத் தராது

மலையோடையிலோ அருவியிலோ ஓர் இளைஞர் மூழ்கி இறந்ததும், பாதையை மூடி, அடிவாரத்தில் ஒரு தடைப் பலகையை நட்டுவிட்டால் கடமை தீர்ந்தது எனக் கருதும் வழக்கம் ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரு மாநில நிர்வாகங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய நாகலாபுரம், அந்த வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டிய இடமாகும். கிருஷ்ணதேவராயரின் தாய் நாகலா தேவியின் பெயரைத் தாங்கிய அவ்வூருக்கு வேதநாராயணர் கோயில் பழைய பெருமை என்றால், சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் கிடைக்கும் மலையோடைகளும் ஆழ்மடுக்களும் வார இறுதிக் கூட்டத்தை ஈர்க்கும் புதிய பெருமை.

மடுவின் விளிம்பில் நிற்பவர் குதிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது சில நொடிகளில். அந்நொடிகளில் அவரை ஆள்வது அடிவாரத்துப் பலகையன்று, சுற்றி நின்று கூவும் நண்பர்களே. அமெரிக்க உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டை நண்பர்கள் பார்த்திருக்க ஆடிய பதின்பருவத்தினர் தனியே ஆடியவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு ஆபத்தில் இறங்கினர். 24 வயதைக் கடந்தவர்களிடம் அம்மாற்றம் இல்லை. எழும் வேகத்துக்கும் செயலுக்கும் இடையே சிந்தனைக்கு இடம்விடும் திறனான உந்தல் கட்டுப்பாடு, ஆகவே, எச்சரிக்கை வாசகத்தால் வருவதன்று, உடலில் ஏறிய பழக்கத்தால் வருவது.

நிலப்பரப்பில் நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நெதர்லாந்து இதை நன்கு உணர்ந்த நாடு. அங்கே சிறுவர்கள் ஏ, பி, சி என்னும் நீச்சல் சான்றிதழ்களுக்காக உடுத்திய உடையோடும் காலணியோடும் குளத்தில் இறங்கி நீந்திக் காட்ட வேண்டும். நீருக்குள் தொங்கும் திரையின் துளை வழியே மூழ்கி வெளிவரவும் வேண்டும். கால்வாயில் தவறி விழுபவர் நீச்சலுடையில் விழுவதில்லை என்ற எளிய உண்மையே இதன் அடிப்படை. நனைந்த துணியின் இழுப்பையும் தன் மூச்சின் எல்லையையும் ஏழெட்டு வயதிலேயே அறிந்த பிள்ளை, பின்னாளில் நீரைக் கண்டால் முதலில் ஆழம் பார்க்கும், அடுத்துக் கரையேறும் வழி பார்க்கும், அதன் பிறகே இறங்கும். கணித்துத் துணிதல் என்பது இதுதான். இங்கேயோ பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்தவர் ஆழ்நீரை ஒருமுறைகூடத் தொடாமல் வெளியேறுகிறார். அவருக்கு நாகலாபுரத்து மடுவே முதல் பாடமும் தேர்வும் ஆகிவிடுகிறது.

நீச்சல் கற்பித்தால் துணிச்சல் மிகுந்து சாவுகள் பெருகும் என்போர், சாலை விதி கற்பித்தால் விபத்து பெருகும் என்றும் சொல்லக்கூடியவர்கள். அவ்வாதத்தில் நேரம் செலவிடத் தேவையில்லை. நீருக்கு மட்டுமன்று, நெருப்புக்கும் இதே நிலைதான். தமிழ்நாட்டின் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீ மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைப் பறித்த பிறகு தமிழ்நாடு விதிகள் வகுத்ததும், தீக்காலத்தில் மலைப்பாதைகளை மூடுவதும் சரியே. ஆனால் தீ சரிவில் இறங்குவதைவிட வேகமாக ஏறும் என்பதையும், எரிந்து முடிந்த தரையே பாதுகாப்பான ஒதுங்கிடம் என்பதையும் மற்ற மாதங்களில் எந்த வகுப்பறை சொல்லித் தருகிறது?

இந்தியாவில் 2022-இல் மட்டும் 38,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்தனர். இச்சாவுகளுள் பல பயிற்சியின்மையால் நேர்ந்தவை. பயிற்சி தர மறுத்த அரசுகளே அவற்றுக்குப் பொறுப்பு. நாகலாபுரம் மலையடிவாரத்தில் அடுத்த பலகையை நடுமுன், திருப்பதி, திருவள்ளூர் மாவட்ட நிர்வாகங்கள் தத்தம் பள்ளிகளுக்கு நீச்சல் பயிற்றுநர்களை அமர்த்தட்டும்.