'மெட்டனோயா': வருந்துதலா, மனந்திரும்புதலா?

விவிலியத் தமிழை ஆங்கிலத்தின் நிழலாகக் கருதும் போக்கு தமிழாய்வுலகில் இன்னும் நீங்கவில்லை. 'மனந்திரும்புதல்' என்னும் சொல்லாட்சிக்கு ஆங்கிலச் சொல்லின் பொருளை ஏற்றி, அதனை 'வருந்துதல்' எனச் சுருக்குவது அப்போக்கின் விளைவாகும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் இதற்கு இடந்தரவில்லை.

'மெட்டனோயா' என்பது மனத்தைக் குறிக்கும் 'நூஸ்' என்னும் சொல்லோடு தொடர்புடையது; மனமாற்றமே அதன் பொருள். வெறும் வருத்தத்திற்கு 'மெட்டமெலோமை' என்னும் வேறு வினை உண்டு. மத்தேயு 3:2இல் 'மெட்டனோயா'வின் வினைவடிவமும், யூதாசின் நிலையைக் கூறும் 27:3இல் மற்றதும் வருகின்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் ஈரிடத்தும் ஒரே வினையை ஆண்டு வேறுபாட்டை அழித்தது. இலத்தீன் விவிலியத் தொடரோ தவச்செயல் புரிதலாகவே பொருள் கொள்ளப்பட்டது. அதனை 15ஆம் நூற்றாண்டில் லொரென்சோ வல்லாவும் பின்னர் எராஸ்முசும் மறுத்தனர். தமிழின் பழைய மொழிபெயர்ப்பு மட்டும் முதலிடத்தில் 'மனந்திரும்புதல்', அடுத்ததில் 'மனஸ்தாபம்' எனப் பிரித்தே காட்டிற்று.

'திரும்புதல்' கிரேக்கச் சொல்லில் இல்லையே என்பர். உண்மையே. எனினும் எபிரேய இறைவாக்கினர் அழைப்பில் பயின்றுவரும் 'ஷூவ்' என்னும் வினைக்குப் பொருள் திரும்புதல். அம்மரபில் நின்றே திருமுழுக்கு யோவானின் அழைப்பும் எழுகின்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஆளும் 'மனம் மாறுதல்' கிரேக்கத்திற்கு அணுக்கமானது. ஆயின் அவ்வெபிரேய ஒலிப்பை இழந்தது.

வடசொற் கலப்பை மட்டும் எண்ணி விவிலியத் தமிழைப் புறந்தள்ளுவோர், ஒரு சொல்லையேனும் மூலத்தோடு ஒப்புநோக்கிய பின் தீர்ப்பளிப்பதே ஆய்வு நெறியாகும்.