களம் திரும்பாத வீரர்

பனிச்சறுக்குப் பலகை வீரர் கெவின் பியர்ஸை நான் மதிப்பது அவர் வென்ற பதக்கங்களுக்காக அல்ல. வான்கூவர் ஒலிம்பிக்கை எதிர்நோக்கியிருந்த அவர், 2009 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பார்க் சிட்டியில் பயிற்சியின்போது தலை மோதி விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தும் மூளையில் பலத்த காயம். அப்போது வயது 22. நடப்பதையே மறுபடி பழக வேண்டியிருந்தது. பார்வையும் நினைவாற்றலும் பழையபடி இல்லை. ஆனாலும் போட்டிக்குத் திரும்புவேன் என்று அடம்பிடித்தார். இன்னொரு அடி பட்டால் உயிரே போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். வீட்டார் மன்றாடினார்கள். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த அண்ணன் டேவிட், வேண்டாம் என்று தம்பியிடம் கெஞ்சுவதை ‘தி கிராஷ் ரீல்’ ஆவணப்படத்தில் பார்த்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. 2012 ஜனவரியில் அதே பார்க் சிட்டி சறுக்குதளத்தில் விழுந்த கனடா வீராங்கனை சாரா பர்க் பிழைக்கவில்லை. பியர்ஸ் போட்டிகளைக் கைவிட்டார். இன்னொரு அண்ணன் ஆடமுடன் ‘லவ்யுவர்பிரெய்ன்’ அமைப்பைத் தொடங்கி, மூளைக்காயம் பட்டவர்களுக்கு யோகாவும் தியானமும் கிடைக்க வழிசெய்தார். விழுந்தவர் மீண்டும் களமிறங்கினால்தான் வீரம் என்று நாம் கைதட்டிப் பழகிவிட்டோம். எலும்பு கூடிவிடும், மூளைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. தலையில் அடிபட்ட பிள்ளையிடம், ‘எப்போது திரும்ப ஆடப் போகிறாய்?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.