ஓட்டல் சமையல்கட்டில் தீ! சிவப்பு சிலிண்டர் மாட்டினால் மட்டும் போதுமா?

கடலூர் –

விடியும் முன்பே அடுப்பு மூட்டும் ஓட்டல்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஏராளம். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் சாயங்காலமானால் பஜ்ஜி, போண்டா வாணலி இறங்காது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், ஆனித் திருமஞ்சனம் வந்துவிட்டால் நான்கு வீதியிலும் அடுப்புக்கு ஓய்வே கிடையாது.

கொதிக்கும் எண்ணெய், பக்கத்தில் காஸ் சிலிண்டர், தலைக்கு மேலே பிசுக்கு ஏறிய புகைக்கூண்டு. இதற்கு நடுவில்தான் மாஸ்டரும் உதவியாளர்களும் நிற்கிறார்கள். தீ பிடித்தால்...?

கும்பகோணம் சொன்ன பாடம்

சமையல்கட்டில் பிடிக்கும் தீ அங்கேயே நிற்காது. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில், பள்ளிக்கூடத்தின் சமையல்கூடக் கூரையில் பிடித்த தீ மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் பலியானார்கள்.

ஓட்டலில் கீற்று இல்லையே என்று நிம்மதி அடைய முடியாது. புகைக்கூண்டுக்குள் படிந்த எண்ணெய்ப் பிசுக்கே தீயை மேலே இழுத்துக்கொண்டு போகும்.

தண்ணீர் ஊற்றினால் ஆபத்து!

எண்ணெய் எரிந்தால் பதறிப்போய் குடத்துத் தண்ணீரை எடுக்கிறார்கள். அதுதான் எமன்! தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரியும். எரிகிற எண்ணெயை நாலாபுறமும் வாரி அடிக்கும்.

பவுடர் சிலிண்டரை அடித்தால் தீ அணைந்த மாதிரி இருக்கும். எண்ணெயின் சூடு தணியாததால் மறுபடியும் குப்பென்று பிடிக்கலாம்.

இதற்கென்றே அடுப்புக்கு மேலே பொருத்தும் தானியங்கிக் கருவி உண்டு. சூடு எல்லை மீறினால் சின்ன உலோகத் துண்டு ஒன்று உருகி அறும். உடனே குழாய் வழியே பொட்டாசியம் கரைசல் பீய்ச்சும். அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரை போல மூடி, சூட்டையும் தணிக்கும். அதே நேரத்தில் காஸும் நின்றுவிடும்.

சர்வீஸ் எதற்கு?

"அதான் மாட்டியாச்சே, இன்னும் என்ன?" என்பது முதலாளிகள் கேட்கும் கேள்வி.

உருக வேண்டிய துண்டில் பிசுக்கு ஏறினால், உருகத் தாமதமாகும். பீய்ச்சும் வாயில் மூடி விழுந்துவிட்டால் எண்ணெய் போய் அடைக்கும். அழுத்தம் குறைந்த சிலிண்டர் வெறும் இரும்புதான். வியாபாரம் பெருகி வாணலியை இரண்டடி தள்ளி வைத்தால், கரைசல் வெறும் தரையில் கொட்டும்!

அதனால்தான் 6 மாதத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்ற ஆளைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. காஸ் நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்ப்பார்கள்.

தானியங்கிக் கருவி வாங்க வசதியில்லாத சின்னக் கடைக்காரர் என்ன செய்வது? வாணலிக்கு ஏற்ற இரும்பு மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தீ பிடித்தால் முதலில் காஸை நிறுத்தி, மூடியால் மூடுங்கள். வாணலியைத் தூக்காதீர்கள், மூடியை உடனே திறக்காதீர்கள். நெருங்க முடியாவிட்டால் எல்லோரும் வெளியேறி 101-க்குப் போன் செய்யுங்கள்.

கருவி வைத்திருக்கும் முதலாளிகள் இன்றிரவு கல்லாவைப் பூட்டும் முன், சிலிண்டரில் தொங்கும் அட்டையைப் பார்க்கட்டும். கடைசியாகச் சோதித்த தேதி அதில் இருக்கிறதா?