கேசட்டை எடைக்குப் போடும் புண்ணியவான்களுக்கு

"அதான் டிவிடில ஏத்தியாச்சே, இன்னும் எதுக்குங்க அந்தக் குப்பை?" எங்க ரஞ்சன்குடிப் பக்கம் பரணைக் கிளறினாலே இந்த டயலாக் வந்துடும். கேட்டா எனக்குச் சுர்ருனு ஏறும்.

மூணு மணி நேர கேசட் ரெண்டை ஒரே 4.7 ஜிபி வட்டுல அமுக்கித் திணிச்சுத் தர்றான் ஸ்டுடியோக்காரன். தாத்தா முகம் கட்டம் கட்டமா தெரியுது. அந்த வட்டுல இருக்கறதும் சாயப்பூச்சுதான் சாமி, அதுவும் மங்கும். ஜெராக்ஸ் இருக்குன்னு பத்திரத்தைக் கொளுத்துவீங்களா?

பெரிய இடத்துலயும் இதே கூத்துதான். பிபிசி அழிச்ச 'டாக்டர் ஹூ' பழைய எபிசோடுகள் பல இன்னும் கிடைக்கலை. 1969 நிலாப் பயணத்தோட மூல டேப்பையே அழிச்சு மறுபடி உபயோகிச்சிருக்கணும்னு 2009ல நாசா கைவிரிச்சது. அவங்களுக்காவது டிவில ஓடின பிரதி மிச்சம். நம்ம ஊர்த் திருவிழாவுக்கு, செத்துப்போன தெருக்கூத்துக்காரர் குரலுக்கு, உலகத்துலயே இருக்கறது அந்த ஒரு கேசட்.

கோட்டைக் கல்லைப் பெயர்த்தா தொல்லியல் துறை கேஸ் போடும். கேசட்டுக்கு யாரு?

இத்தனைக்கும் பாதுகாக்கத் தெரியாத ஊரில்லை இது. விதை வெங்காயத்துக்குக் காத்தோட்டமா பட்டறை போடுற சனம். கேசட்டை மட்டும் தகரக் கூரைக்கடியில சாக்குல கட்டிப் போடுது! டேப்புல காந்தத் துகளை ஒட்டி வெச்சிருக்கற பசை ஈரத்தைக் குடிச்சு இளகும், சூடு அதை வேகப்படுத்தும். அப்புறம் டெக்ல போட்டா ஹெட்ல அப்பிக்கும்.

முழுசா ரீவைண்ட் பண்ணி, புஸ்தகம் மாதிரி நிமிர்த்தி, சுவரை ஒட்டாம உலர்ந்த அலமாரில வைங்க. ஸ்பீக்கர் பக்கத்துல வேணாம். முதுகுல இருக்கற சின்ன பிளாஸ்டிக் துண்டை ஒடிச்சுடுங்க, சீரியல் பதிய முடியாது (எத்தனை தாலி கட்டு இப்படி அழிஞ்சிருக்கு!). கண்ணாடி வழியா வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா ஓட்டவே ஓட்டாதீங்க, சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. பிரதி எடுத்தா ரெண்டு டிரைவ்ல, ரெண்டு வீட்ல. அப்பவும் மூலம் இருக்கட்டும்.

அவகாசம் கம்மி மக்களே. கடைசியா விஎச்எஸ் டெக் செஞ்சுட்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016லயே நிறுத்திட்டான். காந்த நாடாவுக்கு 2025 தான் கெடுன்னு உலக ஆவணக்காரங்க சொல்லிட்டிருந்தாங்க, அதுவும் வந்தாச்சு.

ஓடுற டெக் யார்கிட்டயாவது இருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க. பெரம்பலூர் சுத்துவட்டாரம்னா நானே பஸ் ஏறி வர்றேன்.