நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கதையைப் பிடுங்கிக்கொண்டீர்களே!

'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரை எழுதி முடித்த புண்ணியவான்களே, வயிறு எரிந்து கேட்கிறேன். 2013 பிப்ரவரியில் 13 எபிசோடுகளை ஒரே நாளில் நெட்ஃப்ளிக்ஸில் கொட்டினீர்கள். ராத்தூக்கத்தைத் தொலைத்துப் பார்த்தோம். அன்று பிடித்த பித்து, 2018 நவம்பரில் வந்த 73ஆவது எபிசோடு வரை விடவில்லை. அந்தக் கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தபோது கோபம்கூட உடனே வரவில்லை. 'அவ்வளவுதானா?' என்றுதான் வாய் முணுமுணுத்தது. கோபம் பிறகு வந்தது. இன்னும் போகவில்லை.

ஃபிராங்க் அண்டர்வுட்டாக நடித்த கெவின் ஸ்பேசியை நீக்கியதற்காக நான் அழவில்லை. 2017இல் அவர்மீது பாலியல் புகார்கள் எழுந்தன, நீக்கினீர்கள். பின்னாளில் லண்டன் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அது சட்டத்தின் சங்கதி. என் வழக்கு உங்கள் பேனாவின் மீதுதான்.

ஐந்தாவது சீசன் முடியும் இடம் நினைவிருக்கிறதா? அமெரிக்க அதிபராகிவிட்ட கிளேர், கணவன் ஃபிராங்க்கின் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் கேமராவைப் பார்த்து, இனி தன் முறை என்றாள். உடம்பு சிலிர்த்தது. அத்தனை சீசன்களாகக் கேமராவிடம் ரகசியம் பேசிக்கொண்டிருந்தவன் ஃபிராங்க். அந்த உரிமையை இவள் கைப்பற்றிவிட்டாள், இனிமேல்தான் ஆட்டம் என்று நம்பினோம். இலை போட்டு உட்கார வைத்துவிட்டுப் பந்தியையே கலைத்துவிட்டீர்கள்.

ஆறாவது சீசனில் கிளேர் என்ன செய்தாள், சொல்லுங்கள். ஸ்பேசி போனதால் கதையில் செத்துப்போன ஃபிராங்க்கின் பஞ்சாயத்தைத் தீர்த்தாள். அவனுடைய குரல் பதிவு நாட்குறிப்பு யாரிடம், அவன் உயில் யார் பெயரில், அவனைக் கொன்றது யார்? எட்டு எபிசோடும் இதே புலம்பல். பெண்களை மட்டுமே வைத்து அமைச்சரவை அமைத்தாள். அந்த மேஜையைச் சுற்றிக் கேமரா ஒரு சுற்று வந்ததோடு சரி. அந்தப் பெண்கள் யார், என்ன செய்தார்கள் என்று காட்ட உங்களுக்கு நேரமில்லை. புருஷன் பெயரை உதறிவிட்டு, பிறந்த வீட்டுப் பெயரான ஹேலுக்குத் திரும்பினாள். பெயரை மாற்றத் தெரிந்த உங்களுக்கு, அவளுக்கென்று ஒரு கதை எழுதத் தெரியவில்லை!

சரி, அந்தக் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அதிபரின் அலுவலகம். கர்ப்பிணியான கிளேரும், ஃபிராங்க்கின் நிழலாக இருந்த டக் ஸ்டாம்பரும் மட்டும். கடிதம் பிரிக்கும் கத்தியை அவள் கழுத்தில் வைக்கிறான் டக். ரத்தம் கசிகிறது. அந்த நிலையில் உண்மையைக் கக்குகிறான்: ஃபிராங்க்கைக் கொன்றது தானே. கிளேரைக் கொல்ல வந்த ஃபிராங்க், தான் கட்டியதையெல்லாம் தானே நாசமாக்கிவிடுவான் என்று அஞ்சி அவனைத் தீர்த்துவிட்டானாம். தொடரின் நாயகன் செத்த கதை, வாக்குமூலமாக, வாய்வார்த்தையாக! அதன்பின் கிளேர் டக்கைக் குத்துகிறாள், மடியில் கிடத்தி மூக்கையும் வாயையும் பொத்துகிறாள், கேமராவைப் பார்க்கிறாள். திரை கறுக்கிறது.

முதல் எபிசோடில் அடிபட்ட நாயின் கழுத்தை நெரித்த ஃபிராங்க்கை இங்கே நினைவூட்டுகிறீர்களாம். புரிகிறது. அதைக் கண்டுபிடித்துக் கைதட்ட வேண்டும் என்றுதானே எதிர்பார்த்தீர்கள்? கடைசி மூச்சு வரைக்கும் அவளை அவனுடைய நகலாகவே நிறுத்திவிட்டீர்களே, அதற்குமா கைதட்டுவது?

டக்கையாவது விட்டுவைத்தீர்களா? மூன்றாவது சீசன் முடிவில், கொல்லக் கொண்டுபோன ரேச்சலைப் போகவிட்டு, சற்றுத் தூரம் ஓட்டிச் சென்று, வேனைத் திருப்பிக்கொண்டு வருவானே. அந்தத் திருப்பத்தில் மனிதன் ஒருவன் மிருகமாவதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டினீர்கள். அப்பேர்ப்பட்ட பாத்திரம், தன் வாழ்நாளின் ஒரே தெய்வத்தைத் தன் கையாலேயே கொன்றதை எங்கள் கண்ணில் காட்டவே இல்லை. மைக்கேல் கெல்லி என்ற அந்த நடிகனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

நெஞ்சு பொறுக்காதது இன்னொன்று. இந்தக் கதையின் மூலம் பிரிட்டனில் இருக்கிறது. மைக்கேல் டாப்ஸின் நாவலை பிபிசி 1990இல் தொடராக்கியது. 1995இல் வந்த அதன் மூன்றாம் பாகத்தில், உங்கள் ஃபிராங்க்குக்கு மூலமான பிரதமர் அர்கார்ட் சுடப்பட்டுச் சாகிறார். ஏற்பாடு செய்தவர் யார்? அவர் மனைவி எலிசபெத்! மூன்று பாகமும் சேர்ந்து மொத்தமே 12 எபிசோடுதான். அதற்குள் ஒரு மனைவியின் முகத்தைத் திகிலோடு காட்டி முடித்துவிட்டார்கள். அந்த விடை உங்கள் மேஜை மேலேயே இருந்தது. நீங்களோ, ஃபிராங்க்கின் கொலையைக்கூட கிளேருக்குக் கொடுக்காமல் டக்கிடம் கொடுத்துவிட்டீர்கள்.

ராபின் ரைட் யார் என்பதும் தெரியாதா உங்களுக்கு? கிளேராக நடித்து 2014இல் கோல்டன் குளோப் வென்றவர். ஸ்பேசிக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் மல்லுக்கட்டியதை 2016இல் மேடையிலேயே சொன்னவர். கடைசி எபிசோடை இயக்கியதும் அவர்தான். அந்த எபிசோடில் அவர் முகம் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. சுவரொட்டியில் முதல் பெயரைத் தந்தீர்கள், எழுதித் தரவேண்டியதைத் தரவில்லை.

போகட்டும், கேள்விகளுக்காவது பதில் உண்டா? கிளேரின் வயிற்றிலிருந்த குழந்தை என்ன ஆனது? ஆறாவது சீசனில் கிளேரை ஆட்டிப்படைத்த பணக்கார ஷெப்பர்ட் குடும்பம் என்ன ஆனது? அதிபரின் அறையில் கிடக்கும் பிணத்துக்கு யார் பதில் சொல்வது? கிளேருக்கு ஆகாத கேத்தி, ஜேன், டாம் என்று மூன்று பேரை ஒரே மூச்சில் காலி செய்தீர்களே, அதை யாரும் கேட்கவே மாட்டார்களா? அவசரத்தில் முடிக்க வேண்டியிருந்தது என்பீர்கள். அவசரம் உங்களுடையது, ஏமாந்தது நாங்கள்.

இனிமேல் இந்தத் தொடரைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு, பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள். முதல் இரண்டு சீசன்களைத் தவறவிடாதீர்கள். ஐந்தாவது சீசனில் கிளேர் கேமராவைப் பார்க்கிறாளே, அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். முடிவு வேண்டும் என்றால் பிபிசியின் பழைய தொடரைத் தேடிப் பாருங்கள். ஆறாவது சீசனை மட்டும் தொடாதீர்கள்.