முதல் பட்டதாரியின் அக்காள்

எங்கள் வீட்டில் ஏழாம் வகுப்புச் சரித்திரப் புத்தகம் ஒன்று மூன்று பேருக்கு உழைத்தது. மூத்தவரான அண்ணன் அக்பர் சக்கரவர்த்தியின் படத்துக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார். அடுத்தவளான அக்காள் அதை ரப்பரால் மிகுந்த சிரத்தையோடு அழிக்கப் போய், கண்ணாடியோடு சக்கரவர்த்தியின் ஒரு கண்ணையும் சேர்த்து அழித்துவிட்டாள். ஆகையால் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்து சேர்ந்த வருஷத்தில் மொகலாய சாம்ராஜ்யத்தை ஒற்றைக் கண்ணோடு பரிபாலித்துக்கொண்டிருந்த அக்பரைத்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன். ஆனால் அதே புத்தகத்தின் ஓரங்களில், எந்தக் கேள்வி வருஷந்தோறும் வரும், எதை உபாத்தியாயர் வகுப்பில் தொடுவதேயில்லை, எந்த வருஷக் கணக்கு தலைகீழாக நின்றாலும் மனத்தில் தங்காது என்றெல்லாம் பென்சிலால் குறித்த இரண்டு கையெழுத்துக்கள் இருந்தன. தாங்கள் கற்பிக்கிறோம் என்ற பிரக்ஞையே இல்லாமல் கற்பித்த அந்த இரண்டு உபாத்தியாயர்களுக்கும் யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. அவர்களை உபாத்தியாயர்கள் என்று யாரும் எண்ணியதுமில்லை.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் பேசும்போது தாய் தந்தையரின் பொறுப்பைப் பேசுகிறோம், பள்ளிக்கூடத்தின் தரத்தைப் பேசுகிறோம், சர்க்காரின் திட்டங்களைப் பேசுகிறோம். ஆனால் படிக்கும் பிள்ளை பெரும்பாலும் தனியாகப் பிறந்தவனல்லன் என்பதும், அவனுக்கு முன்னே பிறந்தவர்களும் பின்னே பிறந்தவர்களும் அவனுடைய படிப்பில் கொடுப்பவர்களாகவோ வாங்குபவர்களாகவோ இருந்தே தீர்வார்கள் என்பதும் நம் ஞாபகத்துக்கு வருவதேயில்லை.

மூத்த பிள்ளைகள் சற்றுக் கூடுதலான புத்திசாலிகளாக இருக்கிறார்கள் என்ற அபிப்பிராயம் பல தேசங்களில் வெகு காலமாக உண்டு. நார்வேயில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ராணுவ சேவைக்குப் பெயர் பதிந்த ஏறக்குறைய 2,40,000 இளைஞர்களின் பரீட்சை எண்களைப் பரிசீலித்து, 2007-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூத்தவன் இரண்டாமவனைவிடச் சராசரியாக இரண்டு மூன்று எண்கள் கூடுதலாகப் பெற்றிருந்தான் என்பதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் அடுத்த விஷயத்தில் இருந்தது: மூத்த குழந்தை சிசுப் பருவத்திலேயே இறந்துபோனதால், பிறப்பால் இரண்டாமவனாக இருந்தும் வீட்டில் மூத்தவனாகவே வளர்ந்த பையன்கள், மூத்தவர்களுக்குச் சமமான எண்களைப் பெற்றிருந்தார்கள். ஆகவே வித்தியாசம் கர்ப்பத்தில் ஏற்படுவதன்று, வீட்டில் வகிக்கும் ஸ்தானத்தினால் ஏற்படுவது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். ராபர்ட் சையன்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் அதற்கும் முப்பது வருஷங்களுக்கு முன்பே இதற்கொரு காரணம் சொல்லியிருந்தார். தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளை, சொல்லிக்கொடுப்பதினாலேயே தான் கற்றதை உறுதிப்படுத்திக்கொள்கிறது என்பது அவர் வாதம். திண்ணையில் தம்பிக்கு வாய்ப்பாடு ஒப்பித்துக் காட்டிய எந்த அண்ணனும் இதை ஒப்புக்கொள்வான்.

ஆனால் நார்வே நார்வேதான். அந்த நாட்டில் மூத்தவனாகப் பிறப்பது ஓர் அனுகூலம். நம் ஊர் ஏழைக் குடும்பத்தில் மூத்ததாக, அதிலும் மூத்த பெண்ணாகப் பிறப்பது பெரும்பாலும் ஓர் உத்தியோகம். தாய் களை எடுக்கவோ சித்தாள் வேலைக்கோ போனால் தொட்டிலை ஆட்டுபவள் அவள்தான். இடுப்பில் கைக்குழந்தையோடு வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த சிறுமிகளை என் வயதுக்காரர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். நல்ல உபாத்தியாயர்கள் அதைக் கண்டும் காணாமல் விட்டார்கள். குழந்தை அழுதபோது சிறுமி எழுந்து வெளியே போனாள், சில நாட்களில் போனவள் திரும்பி வரவில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது முதலான சிறு குழந்தைகளையும் சேர்த்து உணவளித்த சத்துணவுத் திட்டமும் குழந்தைகளின் வயிற்றை நிரப்பியதை நாம் கொண்டாடுகிறோம். அது நியாயமே. ஆயினும் பால்வாடியில் தம்பியை இறக்கிவிட்டுக் கைகள் இரண்டும் காலியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய அக்காளையும் அந்தத் திட்டங்களின் பயனாளியாக நாம் எண்ணியிருக்க வேண்டும். அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்பது அங்கிருக்கும் குழந்தையை மட்டும் பொறுத்த விஷயமன்று. ஏழாம் வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருக்குமா, நிரம்புமா என்பதும் அதைப் பொறுத்ததே.

அப்துல் கலாம் சென்னையில் எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தபோது சேர்க்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அன்றைய ராமேசுவரத்தில் அவர் தகப்பனாரால் திரட்டக்கூடிய தொகையன்று அது. அக்காள் ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார் என்பதைக் கலாமே தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த நகைகளை மீட்பதென்று சங்கற்பம் செய்துகொண்டதையும் எழுதியிருக்கிறார். ஒரு தேசத்தின் ராக்கெட் சரித்திரத்தில் அடகுக்கடை ஒன்றுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் கலாம் எழுதியதனால் அந்த அக்காளின் பெயர் நமக்குத் தெரிந்தது. எழுதாத தம்பிகள் எத்தனையோ பேர்.

‘உன் அண்ணன் எப்படிப் படித்தான், நீ ஏன் இப்படி இருக்கிறாய்’ என்று வகுப்பில் கேட்கும் வழக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: அதை விட்டுவிடலாம். அந்தக் கேள்வியால் மதிப்பெண் கூடிய பையன் எவனையும் நான் கண்டதில்லை; அண்ணனோடு பேச்சு வார்த்தை குறைந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இனி, சர்க்கார் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து எண்ணிப் பார்க்கும் ஓர் இடத்துக்கு வருகிறேன். 2010-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில், பட்டதாரியே இல்லாத வீட்டிலிருந்து கலந்தாய்வின் மூலம் தொழிற்கல்விக்குப் போகும் முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தரப்படுகிறது. வருவாய்த் துறையிடம் ‘முதல் பட்டதாரி’ என்று சான்றிதழ் வாங்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் முதல் என்ஜினீயரை உண்டாக்கிய நல்ல திட்டம் இது. இதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. அக்காள் பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்திருந்தால், இந்தச் சலுகையில் ஒரு காசும் பெறாமல் அவள் வாங்கிய அந்தப் பட்டமே தம்பியின் வழியை அடைத்துவிடுகிறது. படித்தவள் தம்பிக்குத் தடையாகிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் தம்பிக்குத் தகுதியாகிறாள். விண்ணப்பத்தில் குடும்பத்தினர் ஒவ்வொருவருடைய படிப்பையும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. மூத்த சகோதரி எதுவரை படித்தாள் என்று சர்க்கார் காகிதம் ஒன்று அக்கறையோடு விசாரிப்பதை நான் அங்கேதான் கண்டேன். விசாரிக்கும் காரணமோ, அவள் படித்துவிடவில்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொள்வது!

இந்த விபரீதத்தைத் திருத்துவது கஷ்டமில்லை என்பது என் அபிப்பிராயம். சலுகை எதையும் பெறாத மூத்தவரின் பட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். அதைவிட முக்கியமாக, வருஷந்தோறும் தாலுகா அலுவலகங்களில் வந்து குவியும் இந்த விண்ணப்பங்கள், படிப்பை நிறுத்திய அண்ணன்மார் அக்காள்மாரின் பெரியதொரு ஜாபிதாவாகவும் இருப்பதை யாரேனும் கவனிக்கலாம். எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. 2002-இல் ஏற்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. தம்பிக்குச் சான்றிதழ் கொடுக்கும் கையாலேயே அக்காளுக்கு அந்தப் பரீட்சைக்கான விண்ணப்பத்தையும் நீட்டினால், சர்க்காருக்கு ஆகும் செலவு ஒரு தாள்தான்.

எங்கள் தெருவில் சித்தாள் வேலை பார்க்கும் ஓர் அம்மாளின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல எண்கள் வாங்கியபோது, சான்றிதழுக்கான உறுதிமொழியை எழுதித் தரும்படி அவனும் அவன் அக்காளும் என்னிடம் வந்தார்கள். அவளுக்கு இருபத்துநான்கு வயதிருக்கும். ஜவுளிக் கடையில் நிற்கிறாள். அவன் டியூஷனுக்குப் போன பணம் அவளுடையது. தாத்தா, பாட்டி, தகப்பன், தாய் எல்லோருக்கும் ‘படிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். அவள் முறை வந்ததும், “நீ எதுவரைக்கும்மா?” என்றேன்.

“எட்டு, பெரியப்பா.”

‘எட்டாம் வகுப்பு’ என்று எழுதினேன். அவள் குனிந்து, நான் எழுதியதைப் படித்துப் பார்த்தாள்.

“எட்டு பாஸுன்னு போடுங்க பெரியப்பா.”

தம்பி, “அதெல்லாம் கேக்கமாட்டாங்க அக்கா” என்றான். நான் பேனாவை மறுபடியும் திறந்தேன்.