மிதிச்சா தானா டைட் ஆவாது, அண்ணாச்சி!

மக்களே, இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா வயித்தெரிச்சலைக் கிளப்பிக்கிட்டு இருக்கிற ஒரு மேட்டரைப் போட்டு உடைச்சிடறேன்.

கியர் சைக்கிள் வச்சிருக்கிறவங்க ஒரு தடவையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க: "நாலு மிதி மிதிங்க சார், தானா டைட் ஆயிடும்." பின்சக்கரத்துல புது கேசட் மாட்டிக் கொடுக்கும்போது சொல்ற வேதவாக்கு இது. சுத்தப் பொய். ஆனா வேடிக்கை என்னன்னா, இது ஒரு காலத்துல நூத்துக்கு நூறு உண்மை!

நம்ம ஊரு கருப்பு சைக்கிள்ல இருக்கிறது ஃப்ரீவீல். ஹப்புல இருக்கிற மரையில திருகி மாட்டறது. மிதிக்க மிதிக்க செயின் இழுத்து அதை இன்னும் இறுக்கும். விலை குறைஞ்ச 6, 7 கியர் சைக்கிள் பலதுல இன்னிக்கும் அதேதான். அந்தக் காலத்து மெக்கானிக் கையால திருகிட்டு "ஓட்டுங்க"ன்னு சொன்னது சரிதான்.

கேசட் வேற ரகம். ஷிமானோ 1978-ல ஃப்ரீஹப்பைக் கொண்டு வந்தப்போ, 'கட்கட்'னு சத்தம் போடற பொறிமுறை ஹப்போட சேர்ந்துடுச்சு. பல்சக்கரங்கள் மேல இருக்கிற காடியில சும்மா வழுக்கி உட்காருது, அவ்வளவுதான். அதை அமுக்கிப் பிடிக்கிறது கடைசியில போடற லாக்ரிங். நம்ம மிதிக்கிற விசையைக் காடி வாங்கிக்கும். லாக்ரிங்குக்கு அது போய்ச் சேரவே சேராது. அப்புறம் எப்படிங்க தானா டைட் ஆகும்?

சரி, ஒழுங்கா மாட்டறது என்ன பெரிய பிரம்ம வித்தையா? இல்லவே இல்லை. காடியில ஒண்ணு மட்டும் மத்ததைவிட சன்னமா இருக்கும். கேசட்லயும் அதுக்கு ஜோடி உண்டு. அதைப் பொருத்தினா வழுக்கிக்கிட்டுப் போயிடும். செயின் ஏறி இறங்கறதுக்காகப் பல்சக்கரத்துல செதுக்கி வச்சிருக்கிற சரிவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தி நிக்கணும்னுதான் இந்த ஏற்பாடு. சுத்தியலுக்கு இங்கே வேலையே கிடையாது.

அடுத்தது ஸ்பேசர். ஷிமானோ 11 ஸ்பீடு ரோடு ஹப், பழைய 8, 9, 10 ஸ்பீடு ஹப்பைவிட 1.85 மி.மீ. நீளம். அதுல 9 ஸ்பீடு கேசட் போட்டா, அடியில 1.85 மி.மீ. ஸ்பேசர் போட்டே ஆகணும். போடலைன்னா லாக்ரிங் ஹப்பு மேல போய் முட்டி நிக்கும். கைக்கு நல்லா இறுகின மாதிரி இருக்கும், கேசட் மட்டும் லொடலொடன்னு ஆடும். கடைசிப் பல்சக்கரம் ஹப்போட விளிம்பைத் தாண்டி ஒரு மயிரிழையாவது வெளியே நிக்குதான்னு பாருங்க. முடிஞ்சது.

கடைசியா லாக்ரிங். மரையில துளி கிரீஸ், முதல் நாலு சுத்து கையால, அப்புறம் அதுக்கான டூல். 40 நியூட்டன் மீட்டர்னு நிறைய லாக்ரிங் மேலேயே அச்சடிச்சிருக்கும். 20 செ.மீ. ஸ்பானர் நுனியில கிட்டத்தட்ட 20 கிலோ எடையை வச்சு அமுக்கற அளவு. இறுகும்போது 'கரக் கரக்'னு சத்தம் வரும். பயப்படாதீங்க, அது வரணும்.

"பொட்டி தட்டுறவன் எல்லாம் மெக்கானிக்குக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்"னு சிலர் ஆரம்பிப்பீங்க. தெரியும் :-) ஐயா, என் சண்டை அந்த மெக்கானிக் தம்பியோட இல்லை. உளியை வச்சு லாக்ரிங்கைத் தட்டறானே, ஏன்? முதலாளி டூல் வாங்கிக் கொடுக்கலை. பெட்டிக்குள்ள வந்த விளக்கத்தாள் அவன் கைக்குப் போகலை. முப்பதாயிரம், நாப்பதாயிரம்னு சைக்கிள் விக்கிற கடை, அதுல சின்னப் பங்கு விலைகூட இல்லாத டூலுக்குக் கணக்குப் பார்க்குது. கியர் தாவுதுன்னு நாம திரும்பிப் போனா, கேபிளை ரெண்டு திருகு திருகி அதுக்கும் காசு வாங்கறாங்க.

இது காசு விஷயம் மட்டும் இல்லை. லூசான பல்சக்கரம் அலுமினிய ஹப்பைக் கடிச்சுத் தின்னும். மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்னு மிதிக்கிறீங்க, பின்னாடி லாரி. அந்த நேரத்துல செயின் தாவி மிதி காத்துல போச்சுன்னா? யார் பதில் சொல்றது?

அதனால அடுத்த தடவை "தானா டைட் ஆயிடும்"னு சொன்னா, சைக்கிளை எடுக்காதீங்க. "டூல் எங்கே?"ன்னு கேளுங்க. தம்பிகிட்ட இல்லை, கல்லாவுல உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட.